கூப்பிடு தூரத்தில் ஒருத்தி

வெளியூர்க்காரர்களுக்கு இது தண்ணியில்லாக் காடு. எனக்குச் சொந்த மண். அருப்புக்கோட்டையில் தறிச் சத்தத்துக்கு நடுவே பிறந்தவள் நான். ஏ.என்.எம். படிப்பு முடித்து, 1979-ல் திருச்சுழிப் பக்கம் குண்டாற்றுக்கு அக்கரையில் ஒரு கரிசல் கிராமத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். வயது இருபத்தொன்று. சப் சென்டருக்கென்று கட்டடம் கிடையாது. பஞ்சாயத்து ஆபீஸை ஒட்டி ஓர் அறை, ஒரு மர பீரோ, ஒரு தராசு, ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், அவ்வளவுதான். அன்றைக்கு இது ராமநாதபுரம் மாவட்டம். விருதுநகர் தனியாகப் பிரிந்தது 1985-ல். 'ராமநாதபுரத்துக்குத் தூக்கியடிச்சிருவேன்' என்று சொல்லியே சர்க்கார் ஊழியர்களை மிரட்டிய காலம் அது. அப்படி வந்த டாக்டர்கள், அதிலும் லேடி டாக்டர்கள், பெட்டியைப் பிரிப்பதற்குள் மாற்றலுக்கு எழுதிப் போட்டுவிடுவார்கள்.

முதல் மூன்று மாதம் என்னைத் தேடி ஒரு பெண்ணும் வரவில்லை. ஊரில் பேறுகாலம் நடந்துகொண்டுதான் இருந்தது. பிள்ளை பிறந்து மூன்றாம் நாள்தான் எனக்குச் சேதி வரும். எல்லாப் பிள்ளையையும் கையில் ஏந்தியவர் ஒருத்தர். அந்த ஊர் மருத்துவச்சி. நாவிதர் குடியில் பிறந்து, மாமியார் கையிலிருந்து தொழிலை வாங்கியவர். சுற்றுப்பட்டு ஐந்து ஊருக்கும் அவர்தான். சின்னப் பிள்ளைகூட அவரை 'வா, போ' என்றுதான் பேசும். நான் 'ஆத்தா, வாங்க' என்று கூப்பிட்டதற்கு ஒரு வீட்டில் என் முகத்துக்கு நேரே கோபித்துக்கொண்டார்கள்.

நடுச்சாமத்தில் லாந்தரோடு ஆள் வந்து கூப்பிட்டால் ஆத்தா மறுபேச்சில்லாமல் கிளம்புவார். வீட்டுக்குள் போவது கொல்லைப்புறம் வழியாக. உத்தரத்தில் கயிறு கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு பிள்ளைத்தாய்ச்சி குந்தியிருப்பாள். ஆத்தா பின்னால் உட்கார்ந்து இடுப்பைத் தாங்கிக்கொள்வார். சுக்குத் தண்ணீர் கொடுப்பார், விளக்கெண்ணெய் தடவி வயிற்றை நீவுவார், பேசிக்கொண்டே இருப்பார். பிள்ளை விழுந்து, நஞ்சு விழுந்து, அதைப் புதைத்து, தீட்டுத் துணியைத் துவைத்துப் போட்டு, விடிந்த பிறகு கிணற்றடியில் தலை முழுகிவிட்டுப் போவார். கூலியென்று கையில் காசு கிடையாது. களம் அடிக்கும்போது கம்போ சோளமோ ஒரு மரக்கால், ஒரு பழஞ்சேலை, வெற்றிலை பாக்கு. ஆண்பிள்ளை என்றால் கொஞ்சம் கூடுதல். அந்தக் கை ஏந்திய பிள்ளைதான் வளர்ந்து, அந்தக் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்காது. நாற்பது வருஷமாக இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு எரிகிறது.

அவருக்குத் தெரிந்தது என் பாடப் புத்தகத்தில் இல்லை. ஒருநாள் என்னைக் கூட்டிக்கொண்டுபோய் எட்டு மாத வயிற்றின்மேல் என் கையை வைத்து, தன் கையை என் கைக்குமேல் வைத்தார்.

"அழுத்தக் கூடாது தாயி. மாவு பிசையிற கை இல்ல இது, கோழி முட்டையத் தூக்குற கை. இந்தா, உருண்டையா தட்டுப்படுதுல்ல? அது தலை. மேல மெத்துன்னு இருக்கே, அது பிட்டி. இப்படி இருந்தா வயிறு நம்ம பேச்சக் கேக்கும்."

குறுக்கே கிடக்கிற பிள்ளையை அவர் தொட்டதுமே சொல்லிவிடுவார். "இது என் கைக்கு ஆகாது, வண்டியக் கட்டுங்க" என்பார். தன் கைக்கு ஆகாதது எது என்று தெரிந்திருந்ததுதான் அவருடைய பெரிய படிப்பு என்று இன்றைக்கும் நினைக்கிறேன். தெரியாதது ஒன்று இருந்தது, கிருமி. தொப்புள்கொடியைப் பண்ணரிவாளால் அறுத்துச் சாம்பல் வைப்பார். புல்லறுத்த அரிவாள், மாட்டுத் தொழுவத்து மண் பட்ட அரிவாள். ஐந்தாறு நாள் நன்றாகப் பால் குடித்த பிள்ளைக்குத் திடீரென்று வாய் கட்டிக்கொள்ளும், உடம்பு வில்லாக வளையும். ஏழாம் நாள் ஜன்னி என்றார்கள், பட்சி தோஷம் என்றார்கள். அது தனுர்வாதம்.

இந்த நிலைமைக்கு மருந்து தெரியாமல் இருந்ததா என்றால், இல்லை. சென்னை எழும்பூரில் பெண்களுக்கான பிரசவ ஆஸ்பத்திரி 1844-லேயே தொடங்கிவிட்டது. பத்து வருஷத்தில், 1854-ல், அங்கே மருத்துவச்சிகளுக்குப் பயிற்சிப் பள்ளி. 1885-ல் பெண்களின் மருத்துவத்துக்கென்று டஃபரின் நிதி, திரைக்குள் வாழ்ந்த கோஷா பெண்களுக்கென்று விக்டோரியா ஆஸ்பத்திரி. 1903-ல் கர்சன் பிரபுவின் மனைவி நாட்டு மருத்துவச்சிகளைப் பழக்குவதற்கென்றே விக்டோரியா பெயரில் ஒரு நிதி திரட்டினார். ஒரே இரவில் மூன்று வீட்டார் வந்து அழைத்தும், ஆண் டாக்டர் கூடாதென்று அவர்கள் மறுத்ததால் மூன்று பெண்களும் பேறுகாலத்தில் செத்துப்போனதைப் பார்த்துத்தான் ஐடா ஸ்கடர் டாக்டருக்குப் படித்தார். வேலூர் ஆஸ்பத்திரி அந்த இரவிலிருந்து வந்தது. புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். நாட்டிலேயே முதல் பொதுச் சுகாதாரச் சட்டம் சென்னை மாகாணத்தில்தான், 1939-ல். எல்லாம் நடந்தது. ஆனால் எழும்பூருக்கும் எங்கள் கரிசலுக்கும் நடுவே அவ்வளவு தூரம் இருந்தது. 1946-ல் 'போர்' (Bhore) சுகாதாரக் குழு அறிக்கை கொடுத்தபோது, இந்தியாவில் ஆயிரம் பிறப்புக்கு இருபது தாய்மார், வருஷத்துக்கு இரண்டு லட்சம் பேர், பேறுகாலத்தில் சாகிறார்கள் என்று கணக்குச் சொன்னது.

பிற நாட்டில் எப்படி என்ற கேள்வி எனக்குப் புத்தகம் படித்து வரவில்லை. என் ஏரியாவில் சிலோனிலிருந்து திரும்பி வந்த ஒரு குடும்பம் இருந்தது. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி அனுப்பப்பட்டவர்கள். ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த பெண், மூன்றாவது மாசமாக இருந்தாள். நான் அவள் வீட்டுக்குப் போனபோது வெகு இயல்பாகக் கேட்டாள்:

"ஏன் மிஸ்ஸி, இங்க மிட்வைஃப் மாசா மாசம் வரமாட்டாங்களா? அங்க டிஸ்பென்சரியில இருந்து வருவாங்களே. வேலைக்குப் போறப்ப பிள்ளைய எங்க விடுறது? பிள்ளைக்காம்பரா இல்லையா?"

எங்கள் ஊர்ப் பெண் ஒருத்திக்கும் அப்படிக் கேட்கத் தோன்றியதில்லை. கேட்கலாம் என்பதே தெரியாது. இத்தனைக்கும் இலங்கையிலேயே தோட்டத் தமிழ்ப் பெண்கள்தான் கடைசி வரிசை. சிங்களக் கிராமங்களுக்குக் கிடைத்தது அவர்களுக்குக் கிடைக்கவில்லை, சாவும் அங்கே அதிகம். அந்தக் கடைசி வரிசைக்காரிக்குக்கூட எங்கள் ஊர் குறையாகத் தெரிந்தது.

பிறகு தேடிப் படித்தேன். இலங்கையில் 1926-ல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவைத் திறந்தார்கள். சில ஆயிரம் பேருக்கு ஒரு குடும்ப நல மருத்துவிச்சி. அவள் அந்தப் பகுதியிலேயே குடியிருக்க வேண்டும், வீடு வீடாகப் போக வேண்டும், ஆகாத கேஸை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். 1934-35 மலேரியாவில் அங்கே தாய்மார்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். 1950-ல் ஒரு லட்சம் பிறப்புக்கு ஐந்நூறுக்கு மேல் என்று இருந்த சாவு, இன்றைக்கு முப்பதை ஒட்டி நிற்கிறது. இடையில் ஒரு யுத்தமே நடந்தது. பணக்கார நாடாகி இதைச் செய்யவில்லை, கூப்பிடு தூரத்தில் ஒருத்தியை உட்கார வைத்துச் செய்தார்கள். மலேயாவில் 'பிடான்' என்ற கிராமத்து மருத்துவச்சிகளை விரட்டாமல் பக்கத்தில் சேர்த்துக்கொண்டார்கள். பயிற்சி கொடுத்து, பெட்டி கொடுத்து, பிரசவம் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகும் தாய்க்குத் துணையாக இருக்க வைத்தார்கள்.

ஸ்வீடன் கதை இன்னும் பழையது. 1829-லேயே அங்கே மருத்துவச்சிகளுக்கு ஆயுதம் போட்டுப் பிள்ளையை எடுக்கச் சட்டம் அனுமதி கொடுத்தது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ஐரோப்பாவிலேயே பேறுகாலச் சாவு மிகக் குறைந்த நாடுகளில் ஒன்றாகிவிட்டது. ஆன்டிபயாடிக் வருவதற்கு முன்னால். அமெரிக்காவோ பெரிய ஆஸ்பத்திரிகளைக் கட்டியது, தெற்கு மாநிலங்களில் கறுப்பினப் பெண்களுக்குப் பேறு பார்த்த கிழவிகளை மெல்ல மெல்ல இல்லாமல் ஆக்கியது. 2021-ல் அந்த நாட்டில் கறுப்பினப் பெண்களின் பேறுகாலச் சாவு லட்சத்துக்கு 69.9. அதே ஊர் வெள்ளைக்காரப் பெண்களுக்கு 26.6. தமிழ்நாட்டுக் கணக்கு, 2018-20-ல், 54. அமெரிக்காவில் கறுப்புப் பெண்ணாகப் பிறப்பதைவிட எங்கள் நரிக்குடி, காரியாபட்டிப் பெண்ணுக்குப் பேறுகாலம் பத்திரமானது என்று சொன்னால் நம்ப முடிகிறதா? நான் முதலில் அந்த எண்ணை இரண்டு தடவை படித்தேன்.

ஆனால் 1982-ல் அப்படி இல்லை.

ஐப்பசி அடைமழை. வருஷம் முழுக்க மணலாகக் கிடக்கிற குண்டாற்றில் அன்றைக்குத் தண்ணீர். மூன்றாவது பிரசவம், இருபத்துநான்கு வயது. பிள்ளை சுகமாகப் பிறந்துவிட்டது, நஞ்சு விழவில்லை. ரத்தம் நிற்கவில்லை. என்னிடம் இருந்த மெத்தர்ஜின் ஊசியைப் போட்டேன். கயிற்றுக் கட்டிலில் கிடத்தி நான்கு பேர் தூக்கினார்கள். ஆத்தா கட்டிலோடு கூடவே நடந்தார், ஒரு கையால் அவள் அடிவயிற்றை அமுக்கிப் பிடித்தபடி. ஆற்றங்கரைக்குப் போனால் தண்ணீர் இடுப்புக்கு மேல். அதைத் தாண்டினால் திருச்சுழி, பஸ் ரோடு. அங்கிருந்து அருப்புக்கோட்டை பதினைந்து கிலோமீட்டர். வெள்ளம் வடியட்டும் என்று கரையில் கட்டிலை இறக்கி வைத்தோம். பேறுகால ரத்தப்போக்கு இரண்டு மணி நேரத்தில் உயிரைக் கொண்டுபோய்விடும் என்று பாடத்தில் படித்திருந்தேன். அது எவ்வளவு சரியான கணக்கு என்று அன்றைக்குத் தெரிந்தது. கடைசிவரை அவள் கேட்டது ஒன்றுதான்: "பிள்ளை பால் குடிச்சுச்சா?" லாந்தர் வெளிச்சத்தில் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஆத்தா, கையை எடுங்க" என்று சொன்னது நான்தான். அவர் எடுக்கவில்லை. விடிந்து தண்ணீர் வடிகிற வரைக்கும் அந்தக் கை அங்கேயே இருந்தது.

அதற்குப் பிறகுதான் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வேலை பார்க்க ஆரம்பித்தோம். அப்போது அரசு 'டாய் டிரெயினிங்' நடத்திக்கொண்டிருந்தது. மருத்துவச்சிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு மாதப் பயிற்சி. அறுபதைத் தாண்டிய ஆத்தா, கையெழுத்துப் போடத் தெரியாதவர், பெருவிரல் உருட்டிவிட்டு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். முடிவில் ஒரு தகரப் பெட்டி கொடுத்தார்கள். சோப்பு, நகவெட்டி, புது பிளேடு, நூல், பிளாஸ்டிக் விரிப்பு. வீட்டுக்கு வந்து அந்தப் பெட்டியை அவர் திறந்ததை இன்றும் பார்க்கிறேன். ஒவ்வொன்றாக எடுத்து முறத்தில் பரப்பினார். சோப்பை முகர்ந்து பார்த்தார். கண்ணாடி வளையலைக் கழற்றி வைத்துவிட்டு, முழங்கைவரைக்கும் நுரை போட்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக் கழுவினார். பிறகு பிளேடைக் காகிதத்தோடு கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

"அப்ப அந்தப் பிள்ளைகள்லாம் என் அருவாளாலதான் செத்துச்சா தாயி?"

நான் என்ன சொல்ல? "உங்களுக்கு யாரும் சொல்லித் தரலையே ஆத்தா" என்றேன். அதுதான் உண்மை. எழும்பூரில் பள்ளி திறந்து நூற்றிருபத்தெட்டு வருஷம் கழித்து ஒரு பிளேடு அந்த ஊருக்கு வந்திருக்கிறது. அதன்பிறகு கர்ப்பிணிகளைத் தடுப்பூசிக்கு அவரே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவார். நான் கூப்பிட்டு வராதவர்கள் அவர் அதட்டலுக்கு வந்தார்கள். சில வருஷத்தில் ஏழாம் நாள் ஜன்னி என்ற பேச்சே எங்கள் ஐந்து ஊரில் இல்லாமல் போனது. தாய்-சேய் தனுர்வாதம் ஒழிந்த நாடாக இந்தியா அறிவிக்கப்பட்டது 2015-ல்.

ஏன் என்னிடம் வரப் பயந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்த நாளில் நர்ஸின் வேலையை அளந்தது கர்ப்பிணிகளைப் பார்த்த எண்ணிக்கையால் கிடையாது, கு.க. (குடும்பக் கட்டுப்பாடு) ஆபரேஷன் எண்ணிக்கையால். மார்ச் மாதம் வந்தால் டார்கெட் முடியாதவளை மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் நிற்க வைப்பார்கள். ஒரு மேலதிகாரி என் சம்பளத்தை நிறுத்தி வைத்தார். வெள்ளைச் சேலையைப் பார்த்தாலே மூன்று பிள்ளை பெற்றவள் கம்மங்கொல்லைக்குள் ஓடி ஒளிவாள். ரத்தசோகைக்கு மாத்திரை கொடுத்தால், "பிள்ளை பெருசாகிரும், பெத்தெடுக்க முடியாது" என்பதோடு, "இது கருத்தடை மாத்திரை" என்று கூரையில் செருகிவிடுவாள். பெண்ணின் உடம்பை அவளுக்காகப் பார்க்கிறோமா, கணக்குக்காகப் பார்க்கிறோமா என்பதை அவள் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுகிறாள். 1996-ல் மத்திய அரசு அந்த டார்கெட் முறையை எடுத்தது. அந்த வருஷம்தான் நான் முழு நர்ஸ் ஆனேன்.

மற்றதெல்லாம் வேகமாக நடந்தது. 2000-க்குப் பிறகு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று ஸ்டாஃப் நர்ஸ்கள், எட்டு மணி நேர ஷிஃப்ட். ராத்திரி இரண்டு மணிக்கும் பிரசவ அறையில் டியூப்லைட் எரிந்தது. அந்த வெளிச்சத்தைத் தூரத்து ரோட்டிலிருந்து முதல்முதலாகப் பார்த்த அன்றைக்கு எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆற்றில் பாலம் வந்தது. முத்துலட்சுமி ரெட்டி பெயரில் மகப்பேறு நிதி 2006-ல் ஆறாயிரம் ரூபாயானது, 2011-ல் பன்னிரண்டாயிரம், பிறகு பதினெட்டாயிரம். வெங்காயம் அறுக்கவும், கரிமூட்டத்துக்குச் சீமைக்கருவேலம் வெட்டவும் நிறைமாதத்தில் போனவள் கொஞ்சநாள் வீட்டில் இருக்க முடிந்தது. 2008-ல் 108 வண்டி. 2001-03-ல் 134 ஆக இருந்த தமிழ்நாட்டுக் கணக்கு 54-க்கு இறங்கியதற்கு இவையெல்லாம் காரணம். கேரளத்தில் 2018-20-ல் 19. ஆகவே நாம் மார்தட்டிக்கொள்ள இன்னும் காலம் இருக்கிறது.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் பிரசவம் ஆஸ்பத்திரியில்தான். அதே ஆய்வு, நூற்றுக்கு 44.9 பேர் வயிற்றைக் கிழித்துப் பிள்ளை பெறுகிறார்கள் என்கிறது. தனியாரில் 63.8. தேவைப்பட்டவளுக்கு ஆபரேஷன் கிடைக்காமல் ஆற்றங்கரையில் செத்ததைப் பார்த்தவள் நான். ஆகவே ஆபரேஷனைப் பழிக்க மாட்டேன். ஆனால் இத்தனை பேருக்கும் தேவைதானா? கூடவே உட்கார்ந்து, இடுப்பைத் தாங்கி, "இன்னும் கொஞ்சம் தாயி" என்று சொல்ல ஆளில்லாததால் கத்திக்குப் போனவர்கள் இதில் எத்தனை பேர்? பிரசவ அறையில் பெண் துணை ஒருத்தியை அனுமதிக்கும் திட்டம் 2004-ல் இங்கே வந்தது. அந்த இடத்தில் பயிற்சி பெற்ற மருத்துவச்சிகளை வேலைக்கு வைத்திருக்கலாம். மலேயாவில் செய்தார்கள். இங்கே அது நடக்கவில்லை. ரத்தசோகையோ இன்னும் பாதிப் பெண்களுக்கு மேல் இருக்கிறது, அதே ஆய்வில் 53.4. பேறு முடிந்த பெண்ணின் அடியிறக்கம், வெள்ளைப்படுதல், மார்புக் கட்டி இதற்கெல்லாம் கூப்பிடு தூரத்தில் இன்னமும் யாரும் முழுசாக இல்லை. பிள்ளை வயிற்றில் இருக்கும்வரைதான் அவள் உடம்புக்கு ரிஜிஸ்டர்.

ஆத்தா 1998-ல் போனார். கடைசி நாலைந்து வருஷம் யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடாதது நல்லதுதான் என்று அவரே சொன்னார். பென்ஷன் கிடையாது, களத்து மரக்காலும் நின்றுபோனது. அவர் மருமகள் அந்தத் தொழிலைத் தொடவில்லை, பட்டாசு ஆபீஸுக்குப் போனாள். தகரப் பெட்டி துருப்பிடித்து அவர் தலைமாட்டில் இருந்தது. பிளேடு தீர்ந்து வெகுநாள் ஆகியிருந்தது. கை கழுவும் சோப்பு மட்டும் புதிது, சொந்தக் காசில் வாங்கியது.

1969 சட்டத்தின் கீழ் எழுதும் பிறப்புப் பதிவுப் படிவத்தில் பிரசவம் யார் பார்த்தார்கள் என்று ஒரு கட்டம் உண்டு. அரசு ஆஸ்பத்திரி, தனியார், டாக்டர் அல்லது நர்ஸ், நாட்டு மருத்துவச்சி, உறவினர் என்று வகை குறிக்கலாம். பெயர் எழுத இடம் கிடையாது. எங்கள் ஐந்து ஊரில் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் அநேகமாக எல்லாரும் அவர் கையில் பிறந்தவர்கள். உங்கள் ஊரிலும் அப்படி ஒருத்தி இருந்திருப்பாள். உங்கள் அம்மாவோ அப்பத்தாவோ இருக்கும்போதே அவள் பெயரைக் கேட்டு எழுதி வையுங்கள்.